ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வது யார்?

பிளஸ் டூ பையன் ஒருவன் ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பில் ஜிடிஏ ஐகானைத் தட்டுகிறான். விளையாட்டு திறக்கவில்லை. நடுத்திரையில் சின்னதாக ஒரு பெட்டி வருகிறது: எம்எஸ்விசிபி140 டிஎல்எல் என்ற கோப்பு காணவில்லை, புரோகிராமைத் திரும்ப இன்ஸ்டால் செய்து பார்க்கவும். கீழே ஓகே என்று ஒரே ஒரு பட்டன். அரை நிமிடத்துக்குள் அந்த வரியை அப்படியே யூடியூபில் போட்டுத் தேடுகிறான். வீடியோக்கள் வரிசைகட்டி வருகின்றன. அவற்றில் ஒன்றில் ஒரு குரல் வெகு நிதானமாகச் சொல்கிறது: “முதல்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கங்க, இல்லன்னா ஃபைலை டெலிட் பண்ணிடும்.” பையன் ஆஃப் பண்ணிவிடுகிறான்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கேளம்பாக்கம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று எந்த ஊரில் சிஸ்டம் சர்வீஸ் செய்பவரைக் கேட்டாலும் இந்தக் கதை அவருக்குப் புதிதாக இருக்காது. பிள்ளைகள் ராத்திரி விளையாடுகிறார்கள் என்று புலம்ப இந்தத் தலையங்கத்தை எழுதவில்லை. அந்தப் புலம்பலுக்கு நாட்டில் ஆள் நிறைய உண்டு. நம் கவலை அந்த அரை நிமிடத்தைப் பற்றியது. விளையாட்டில் வரும் எரரால் யாருக்கும் நஷ்டமில்லை. அதைச் சரிசெய்யப் போகும் வழியில்தான் வீடே பறிபோகிறது.

அந்த எரர்கள் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். புரியாததால்தான் பையன் கண்டவன் பேச்சைக் கேட்கிறான். விளையாட்டு என்பது தனியாக ஓடும் பொருளில்லை. பல புரோகிராம்களுக்கும் பொதுவான சில கோப்புகள் சிஸ்டத்தில் இருக்கும் என்று நம்பித்தான் அதை எழுதுகிறார்கள். கல்யாணச் சமையல்காரர் வந்து இறங்கிவிட்டார், மண்டபத்தில் அண்டாவைக் காணோம் என்கிற நிலைமை அது. எம்எஸ்விசிபி140 என்பது மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பில் உள்ள கோப்பு. அந்தத் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தன் சொந்தத் தளத்திலேயே இலவசமாகத் தருகிறது. முப்பது எம்பி கூட வராது. இறக்கி, போட்டு, சிஸ்டத்தை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. டி3டிஎக்ஸ்9_43 காணவில்லை என்று வந்தால் அது பழைய டைரக்ட்எக்ஸ் கோப்பு. என் சிஸ்டத்தில்தான் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று பையன் குழம்புவான். புதியது பழைய கோப்புகளைத் தன்னோடு கொண்டுவருவதில்லை. 2010 ஜூனில் வெளியான தொகுப்பை மைக்ரோசாஃப்ட் இன்னும் வைத்திருக்கிறது, அதைப் போட வேண்டும்.

பூஜ்யமும் எக்ஸும் சியும் பூஜ்யங்களுமாக வந்து 7பி என்று முடியும் ஓர் எரர் உண்டு. பிள்ளைகள் அதைப் பார்த்தால் மிரண்டுவிடுவார்கள். விஷயம் சின்னதுதான்: 64 பிட் புரோகிராம் ஒன்றுக்கு 32 பிட் கோப்பு மாட்டிவிடப்பட்டிருக்கிறது, அல்லது மாறி நடந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஏதோ ஒரு தளத்தில் டிஎல்எல் ஒன்றைத் தனியாக இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டால்தான் பெரும்பாலும் இது வருகிறது. முதல் எரருக்குச் செய்த வைத்தியம் இரண்டாவது எரரைப் பெற்றெடுக்கிறது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகளோ பெயரில் 64 உள்ள இன்னொரு ஃபோல்டரில் இருக்கின்றன. இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது! பதினாறு வயதுப் பையன் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை.

ஐஎஸ்டன் டிஎல்எல், அன்ஆர்க் டிஎல்எல் என்று வருவது வேறு ரகம். நூறு ஜிபி விளையாட்டை அமுக்கிச் சுருக்கி, பாதுகாப்புப் பூட்டை உடைத்து டாரன்ட்டில் விடுகிறார்களே, அந்த ‘ரீபேக்’ விரியும்போது வருவது இது. இறங்கிய கோப்பு அரைகுறையாக இருக்கலாம், டிஸ்க்கில் இடம் போதாமல் இருக்கலாம், ராம் தள்ளாடலாம், இல்லையென்றால் ஆன்டிவைரஸ் உள்ளே எதையோ பிடித்திருக்கலாம். இந்த நான்காவது காரணம்தான் திருடனுக்குக் கிடைத்த வரம். ஆன்டிவைரஸ் கூச்சல் போடுவது சகஜம், கிராக் என்றாலே அப்படித்தான் காட்டும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம். அது பாதி உண்மையும்கூட. பூட்டை உடைக்கும் கோப்பை எந்த ஆன்டிவைரஸும் சந்தேகிக்கத்தான் செய்யும். அதனால் நிஜமான திருடனைக் காட்டிக் குரைக்கும்போதும் வீட்டுக்காரனே நாயைக் கட்டிப்போடுகிறான்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. பத்து நிமிடம் ஆடியதும் விளையாட்டு தானாக மூடிக்கொள்கிறது, லேப்டாப் அணைந்தே போகிறது என்றால் அது பெரும்பாலும் சூடு. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உப்புக்காற்று படும் வீடுகளில் ஃபேனில் தூசி அப்பும், ராம் கார்டின் பித்தளை நிறக் கால்கள் கறுக்கும். சர்வீஸ்காரர் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, தெர்மல் பேஸ்ட் வைத்து மாட்டினால் சரியாகிவிடும். இதற்குப் போய் ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் ஏதோ ஒன்றை இறக்கிப் போடுகிறார்கள். கிராபிக்ஸ் டிரைவர் வேண்டுமென்றால் இன்டெல், என்விடியா, ஏஎம்டி ஆகிய கம்பெனிகளின் தளங்களில் சும்மா கிடைக்கிறது.

இனி அந்த வீடியோக்களின் வைத்தியத்துக்கு வருவோம். ஆன்டிவைரஸை அணை. இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே என்று விண்டோஸுக்குச் சொல்லி வை. கீழே உள்ள லிங்க்கில் ஜிப் கோப்பை எடு, பாஸ்வேர்டு ஒன்று இரண்டு மூன்று நான்கு. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு. ஜிப்புக்கு ஏன் பாஸ்வேர்டு? பாஸ்வேர்டு போட்ட ஜிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று மின்னஞ்சல் சேவையாலும் ஆன்டிவைரஸாலும் எளிதில் பார்க்க முடியாது, அதற்காக. அட்மினிஸ்ட்ரேட்டராக ஏன்? சிஸ்டம் முழுவதும் கைக்கு வர வேண்டும், அதற்காக. நான்கு நிமிட வீடியோவில் ஒரு வீட்டின் எல்லாக் கதவும் வரிசையாகத் திறக்கப்படுகின்றன, ஒவ்வொன்றையும் திறப்பது அந்த வீட்டுப் பிள்ளை.

மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்கள் கிராக்கனோஷைப் பார்க்கட்டும். 2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் வெளியிட்ட விவரம் இது. என் சிஸ்டத்திலிருந்து அவாஸ்ட் தானாகவே காணாமல் போய்விட்டது என்று சிலர் புகார் சொல்ல, போய்த் தோண்டினால் உள்ளே இருந்தது ஒரு வைரஸ். ஜிடிஏ 5, என்பிஏ 2கே19, ஃபார் க்ரை 5, சிம்ஸ் 4 போன்ற விளையாட்டுகளின் கிராக் பதிப்புகளில் அது ஒளிந்திருந்தது. செய்த தந்திரத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். சிஸ்டத்தை சேஃப் மோடில் எழச் செய்யும். அந்த நிலையில் ஆன்டிவைரஸ் வேலை செய்யாது. அந்த இடைவெளியில் அதை அழித்துவிட்டு எழுந்துவரும். பிறகு பிராசஸரை வைத்து மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும். உலகம் முழுக்க 2,22,000-க்கும் மேற்பட்ட கணினிகள், இந்தியாவில் மட்டும் பதின்மூன்றாயிரத்துக்கும் மேல். 2018 ஜூனிலிருந்து அவர்கள் தேற்றியது இருபது லட்சம் டாலருக்கு மேல். கரன்ட் பில் நம்முடையது.

2024 டிசம்பர் 31-ஆம் தேதி இன்னொன்று விழித்தது. ஸ்டாரிடோப்ரி என்று காஸ்பர்ஸ்கி அதற்குப் பெயர் வைத்தது. கார் மோதி விளையாடும் பீம்என்ஜி டிரைவ், கேரிஸ் மோட் ஆகியவற்றின் டாரன்ட் பதிப்புகளை செப்டம்பரிலேயே ஏற்றிவைத்துவிட்டு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் உலகம் அசந்திருக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். விளையாட்டு என்னவோ நன்றாகவே ஓடியது. அதுதான் இதில் மோசமான அம்சம். ஓடாவிட்டாலாவது பையனுக்குச் சந்தேகம் வரும். 2025 அக்டோபரில் செக் பாயின்ட் நிறுவனம் சுட்டிக்காட்டிய யூடியூப் வலையிலோ மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோக்கள் இருந்தன. விளையாட்டு ஹேக்குகளும் கிராக் சாஃப்ட்வேர்களும்தான் அவற்றில் முக்கிய தூண்டில். கீழே ‘சூப்பர் ப்ரோ, வேலை செய்யுது’ என்ற கமென்ட்டுகளைப் போட்டவையும் அந்த வலையின் கணக்குகளே.

கரன்ட் பில்லோடு போனால் பரவாயில்லை. இப்போது வருபவை பெரும்பாலும் தகவல் திருடும் ரகம். 2025 மார்ச் மத்தியிலிருந்து மே மத்திவரை இரண்டே மாதத்தில் லும்மா என்ற ஒரே ஒரு திருட்டு புரோகிராம் புகுந்த விண்டோஸ் கணினிகளை மைக்ரோசாஃப்ட் எண்ணியது: சுமார் 3,94,000. இவை குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை மட்டும் எடுப்பதில்லை, குக்கீகளையும் சேர்த்து எடுக்கின்றன. நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்பதற்கு ஜிமெயிலோ இன்ஸ்டாகிராமோ கொடுத்து வைத்திருக்கும் அத்தாட்சி அது. அதைக் கொண்டுபோய் வேறொரு கணினியில் வைத்தால் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் வராது. ‘ஓடிபி வரவே இல்லையே சார், எப்படி உள்ளே போனான்?’ என்று கேட்பவர்களுக்குப் பல நேரங்களில் விடை இதுதான்.

நம் ஊர் வீடுகளில் லேப்டாப் ஒருவருக்கான பொருள் கிடையாது. ஸ்காலர்ஷிப்புக்கும் கவுன்சலிங்குக்கும் அனுப்ப ஸ்கேன் செய்த ஆதார், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், அம்மாவின் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். தங்கையின் போட்டோக்களும் அங்கேதான். பையன் தன் விளையாட்டுக்காகத் திறந்துவிட்ட கதவில் வெளியே போவது குடும்பத்தின் காகிதங்கள்.

இதே பழக்கம் வேலை செய்யும் இடத்துக்கும் கூடவே வருகிறது. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய படிவத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அதற்காகப் பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஸ்கேன் எடுப்பது ரிசப்ஷன் சிஸ்டத்தில்தான். ஒற்றைவாடைத் தெரு போன்ற இடங்களில் உள்ள சின்ன விடுதிகளில் தனியாக ஐடி ஆள் என்று யாரும் இருப்பதில்லை. ராத்திரி டியூட்டிப் பையன் தூக்கத்தை விரட்ட என்ன செய்வான்? அதே சிஸ்டத்தில் ஏதாவது விளையாடுவான். எத்தனை நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று அவனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓர் எச்சரிக்கை விட்டது. 2024 டிசம்பரிலிருந்து உலகெங்கும் விடுதிகளைக் குறிவைத்து, தெற்காசியாவையும் சேர்த்து, புக்கிங் டாட் காம் அனுப்புவதுபோல் போலி மின்னஞ்சல்கள் வருகின்றன. விருந்தினர் ஒருவர் உங்களைப் பற்றி மோசமாக எழுதியிருக்கிறார், பாருங்கள் என்று லிங்க். தட்டினால் நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லி ஒரு பக்கம் வரும். விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள், வரும் பெட்டியில் கன்ட்ரோல் வி போடுங்கள், என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான், வைரஸை இறக்கும் கட்டளையை ஊழியரே தன் கையால் ஓட்டிவிடுகிறார். கிளிக்ஃபிக்ஸ் என்பது இந்த வித்தைக்குப் பெயர். ராத்திரி முழுக்க விளையாட்டு எரருக்காக வீடியோ பார்த்து, ‘விண்டோஸ் ஆர் அழுத்து, இதை ஒட்டு’ என்று பழகிய கைக்கு இதில் என்ன வித்தியாசம் தெரியும்? மாமல்லபுரம் விடுதி உரிமையாளர்களிடம் கேட்கிறோம்: உங்கள் ரிசப்ஷன் சிஸ்டத்தில் இந்த நிமிடம் என்னென்ன இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்று யாராவது பார்த்ததுண்டா?

சிறுசேரி சிப்காட்டில் வேலை, நாவலூரிலோ கேளம்பாக்கத்திலோ வீடு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்று இருக்கும் ஐடி பெற்றோர் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கலாம். உலகம் முழுக்கப் பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைத்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனம் 2022-இல் எப்படிக் கொள்ளைபோனது? மூத்த இன்ஜினியர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த, படம் பார்க்கும் சாஃப்ட்வேரின் ஓட்டை வழியாக நுழைந்து, அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆபீஸ் லேப்டாப்பைப் பிள்ளையிடம் கொடுத்தால் வேறொரு தலைவலியும் வரும். வேலரன்ட் என்ற விளையாட்டு ஓடுவதற்கு விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட், டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சங்கள் ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேன் 9001, 9003 என்று எரர் காட்டும். பையன் பயாஸுக்குள் போய் எதையோ மாற்றிவிட்டு வெளியே வருவான். காலையில் அப்பா திறந்தால் நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவில், இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் வைரஸ் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் தேதி ஒப்புக்கொண்டது. உலை இயங்கும் வலைப்பின்னல் தனி, அது தொடப்படவில்லை என்றும் சொன்னது. அது விளையாட்டு வழியாக வந்ததென்று நாம் சொல்லவரவில்லை. நாட்டின் மிகுந்த காவலுள்ள இடத்தின் வாசல்வரை வர ஒருவருடைய ஒரு கணினி போதுமாக இருந்தது. கல்பாக்கம் குடியிருப்புகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஜிடிஏ பிடிக்கும்.

ஒரிஜினல் வாங்கி விளையாடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மாமல்லபுரத்தில் கல் கொத்தும் ஒருவரின் மகனிடம் மூவாயிரம் ரூபாய் விளையாட்டை வாங்கு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் இலவசமாக, நேர்மையாகக் கிடைப்பதும் இருக்கிறது என்பதை யாரும் அவனிடம் சொல்வதில்லை. 2020 மே மாதம் எபிக் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடை ஜிடிஏ 5-ஐ ஒரு வாரம் சும்மா கொடுத்தது. கூட்டம் தாங்காமல் தளமே மணிக்கணக்கில் படுத்துவிட்டது. அன்று எடுத்தவர்களுக்கு அது என்றைக்கும் சொந்தம். இன்றும் அந்தக் கடையில் வாராவாரம் ஏதாவது ஒரு விளையாட்டு இலவசமாக வருகிறது. ஒரிஜினல் என்றால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2025 பிப்ரவரியில் ஸ்டீம் கடையிலேயே பைரேட்ஃபை என்ற விளையாட்டு வைரஸோடு இருந்து அகற்றப்பட்டது. ஆனால் அங்கே அது செய்தியாகிறது, விளையாடியவர்களுக்கு எச்சரிக்கை போகிறது. டாரன்ட்டில் யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

தடை போட்டால் தீரும் என்பவர்களுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜியையும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடை செய்தது. கடையிலிருந்துதான் அவை போயின, ஆசை போகவில்லை. ஏபிகே என்ற இன்ஸ்டால் கோப்பாக வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் பிள்ளைகள் போட்டுக்கொள்ளப் பழகியது அப்போதுதான்.

மாநில அரசுக்குத்தான் இதில் பெரிய பொறுப்பு. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்ட திட்டம் அது என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கல்லூரி மாணவர்கள் இருபது லட்சம் பேருக்குக் கணினி என்று அறிவித்தார். கொடுக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. பெட்டியில் சார்ஜர் இருக்கிறது, பை இருக்கிறது. எரர் வந்தால் என்ன செய்ய வேண்டும், எங்கே இறக்க வேண்டும், எதை அணைக்கவே கூடாது என்று தமிழில் இரண்டு பக்கம் அச்சிட்டு வைக்க அரசின் எல்காட் நிறுவனத்துக்கு எவ்வளவு செலவாகும்? விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பையும் பழைய டைரக்ட்எக்ஸையும் முன்பே போட்டுக் கொடுத்துவிட்டால் பாதிப் பேருக்குத் தேட வேண்டிய அவசியமே வராது. பிள்ளை தினசரி பயன்படுத்த ஒரு சாதாரணக் கணக்கு, இன்ஸ்டால் செய்வதற்கு வேறு பாஸ்வேர்டுள்ள அட்மின் கணக்கு என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது பத்து நிமிட வேலை. அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப்களில் இதை ஒரு பாடவேளையில் செய்து காட்டலாம். விளையாட்டைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஆசிரியர் தயங்கினால், அந்தப் பாடத்தை யூடியூப் எடுத்துக்கொள்ளும்.

பழைய லேப்டாப்புகளுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 11-க்கு மாற முடியாத லட்சக்கணக்கான சிஸ்டங்கள் நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சர்வீஸ் கடைக்காரர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஓஎஸ் போட வரும் சிஸ்டத்தில், பையன் கேட்டான் என்று பென்டிரைவிலிருந்து நான்கு கிராக் விளையாட்டுகளையும் ஆக்டிவேட்டர் ஒன்றையும் சேர்த்துப் போட்டு, ‘டிஃபெண்டரை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன், ஆன் பண்ணிடாதீங்க’ என்று சொல்லி அனுப்புவது சேவையாகாது.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் செய்ய வேண்டியது அவசரமானது. முதலில் அந்தக் கணினியின் வைஃபையைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை அதிலேயே உட்கார்ந்து மாற்றாதீர்கள், மாற்றியதும் திருடனுக்குத்தான் போகும். சுத்தமான போனிலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு மற்றவை என்று மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைத் தட்டுங்கள். அப்போதுதான் களவுபோன குக்கீகள் செத்துப்போகும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017-லிருந்து வைரஸ் அகற்றும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. உள்ளே ஆழமாக இறங்கியிருந்தால் டிஸ்க்கை முழுதாக அழித்து விண்டோஸ் போடுவதே உத்தமம். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். கேளம்பாக்கம், கூடுவாஞ்சேரி பகுதிகள் தாம்பரம் ஆணையரகத்தில், மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்டக் காவல்துறையில் என்று எல்லை பிரிந்து கிடப்பதால் எந்த ஸ்டேஷன் என்று அலைந்து நேரத்தைத் தொலைக்காதீர்கள். அந்த எண்ணுக்கு எல்லைக் கணக்கு கிடையாது.

பையனைத் திட்டவும் வேண்டாம். திட்டினால் அடுத்தமுறை ஆன்டிவைரஸ் அலறும்போது அவன் உங்களிடம் வந்து சொல்லமாட்டான். இன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ என்ற பட்டியலில் எந்தெந்த ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று அவனையே காட்டச் சொல்லுங்கள்.